எந்த கிராஃபிங் கால்குலேட்டர்? எங்கள் வீட்டுக் குழுவில் கேட்டது

மாலை 6:10

நான்: எல்லோருக்கும் ஒரு கேள்வி. அடுத்த வாரம் எலெக்ட்ரிகல் முதல் வருட வகுப்பு தொடங்குகிறது. கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயம் வேண்டும் என்று தோழி சொல்கிறாள். டிஐ-84 பிளஸ் சிஇ, கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50, டிஐ-என்ஸ்பையர் சிஎக்ஸ் 2 சிஏஎஸ், ஹெச்பி பிரைம். இந்த நான்கில் எது வாங்கலாம்?

அம்மா: இருப்பதிலேயே நல்லதாக ஒன்றைச் சொல்லுங்கள். நான்கு வருடமும் வர வேண்டும்.

அண்ணா: இன்றைக்கு எதையும் வாங்காதே. முதலில் தேர்வு அறைக்குள் எதை விடுவார்கள் என்று கேள்.

நான்: அது பிறகு தெரிந்துவிடும் அண்ணா. இப்போது வாங்கினால்தான் பழக முடியும்.

அண்ணா: பழகிய பிறகு வாசலில் பிடுங்கி வைத்துக்கொண்டால்? எனக்கு நடந்தது. இரண்டாம் வருடம் டிஐ-89 டைட்டானியம் வைத்திருந்தேன். ஒரு வருடம் முழுக்க அதில்தான் வீட்டுப்பாடம், அதில்தான் லேப் கணக்கு. யாரையும் கேட்கவில்லை. தேர்வன்று கண்காணிப்பாளர் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, வேறு ஒரு சாதாரண கால்குலேட்டரைக் கையில் கொடுத்தார்.

அண்ணா: கெபாசிட்டர் சார்ஜ் ஆகும் நேரம் கேட்ட கணக்கு. எல்என் (இயல்மடக்கை) அழுத்த வேண்டிய இடத்தில் லாக் (10 அடிமான மடக்கை) அழுத்திவிட்டேன். அந்தப் பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்றே கைக்குத் தெரியவில்லை. வந்த விடை உண்மையான நேரத்தை 2.303-ஆல் வகுத்தது. வீட்டுக்கு வந்துதான் கண்டுபிடித்தேன். முறை எல்லாம் சரி, எண் மட்டும் தப்பு.

அம்மா: இதை நீ சொன்னதே இல்லையே கண்ணா.

அண்ணா: அப்போது சொல்ல மனசு வரவில்லை. இவளுக்கு அது நடக்கக்கூடாது, அதனால்தான் சொல்கிறேன்.

மாமா: அண்ணன் சொல்வதைக் கேளும்மா. கிராஃப் வரையும் கால்குலேட்டரைத் தடுக்கும் தேர்வுகள் நிறைய உண்டு. அமெரிக்காவில் பொறியாளர் உரிமத்துக்கு எழுதும் எஃப்இ, பிஇ தேர்வுகளின் அனுமதிப் பட்டியலில் ஒரு கிராஃபிங் கால்குலேட்டர்கூட இல்லை. கேசியோவின் 115, 991 வரிசை, டிஐ-30எக்ஸ், டிஐ-36எக்ஸ் வரிசை, அப்புறம் ஹெச்பியின் 33எஸ், 35எஸ். அவ்வளவுதான். பொறியாளர் ஆவதற்கான தேர்வே அப்படி நடக்கிறது.

நான்: அப்படியானால் வெறும் சயின்டிஃபிக் போதுமா? எலெக்ட்ரிகலில் காம்ப்ளெக்ஸ் எண்கள், அதாவது −1-இன் வர்க்கமூலம் சேர்ந்த எண்கள், வருமே மாமா?

மாமா: வரும், தினமும் வரும். ஆனால் அதற்கு கிராஃப் தேவையில்லை. இதைப் பார். 3 + ஜே4 ஓம் ஒரு கிளை (ஜே என்பதுதான் அந்த −1-இன் வர்க்கமூலம்). அதற்கு இணையாக 6 ஓம் ரெசிஸ்டர். மொத்தம் எவ்வளவு?

மாமா: கையால் போட்டால், பெருக்கி, கூட்டி, கீழே உள்ளதன் இணையால் மறுபடி பெருக்கி, அரைப் பக்கம் போகும். எஃப்எக்ஸ்-991-இல் காம்ப்ளெக்ஸ் முறைக்குப் போய் அப்படியே ஒரே வரியில் தட்டு. 2.66 + ஜே1.485 வரும். போலார் வடிவம் (அளவும் கோணமும்) கேட்டால் 3.046, கோணம் 29.17 டிகிரி. முதல் இரண்டு வருட ஏசி (மாறுதிசை மின்னோட்ட) சர்க்யூட் கணக்குகளில் பெரும்பாலும் உனக்கு வேண்டியது இந்த வசதிதான்.

நான்: கால்குலேட்டரில் ஜே பொத்தான் இருக்குமா?

மாமா: ஐ என்று இருக்கும். கணிதக்காரர்களின் வழக்கம் அது. நமக்கு ஐ என்றால் மின்னோட்டம், அதனால் நாம் ஜே எழுதுகிறோம்.

மாலை 6:48

அம்மா: தம்பி, எனக்கு ஒன்று புரியவில்லை. விலை கூடியதை வாங்கினால் இது எல்லாமும் அதில் இருக்கும்தானே?

மாமா: இருக்காது அக்கா, அதைத்தான் சொல்ல வந்தேன். டிஐ-84 பிளஸ் சிஇ அழகான கலர் திரை, சார்ஜ் செய்துகொள்ளலாம், பள்ளிக் கணிதத்துக்கு அருமையானது. ஆனால் அதன் மேட்ரிக்ஸுக்குள் (அணிக்குள்) காம்ப்ளெக்ஸ் எண்ணைப் போட முடியாது. மூன்று லூப் (மூடிய சுற்று) உள்ள ஏசி சர்க்யூட்டை மேட்ரிக்ஸில் தீர்க்கப் போனால் அங்கேயே நின்றுவிடும். இவள் படிக்கப் போகும் படிப்புக்கு அது பெரிய குறை.

மாமா: நான்கில் ஒன்று என்றால் என்ஸ்பையர் சிஏஎஸ், இல்லையென்றால் ஹெச்பி பிரைம். இரண்டுமே காம்ப்ளெக்ஸ் மேட்ரிக்ஸைத் தீர்க்கும், எழுத்துகளை வைத்தும் கணக்குப் போடும், அதைத்தான் சிஏஎஸ் என்பார்கள். பிரைமில் சர்க்யூட் கணக்குகளுக்கு உதவும் லாப்லாஸ் உருமாற்றமே இருக்கிறது. சிஜி50-இல் திரை நன்றாக இருக்கும், பைத்தானும் உண்டு, சிஏஎஸ் கிடையாது.

நான்: லூப் கணக்கை 991-இல் எப்படித் தீர்ப்பது?

மாமா: நல்ல கேள்வி. அதன் சமன்பாட்டு முறை காம்ப்ளெக்ஸ் கெழுக்களை ஏற்காது. ஆனால் ஒவ்வொரு சமன்பாட்டையும் மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி என்று இரண்டாகப் பிரிக்கலாம். இரண்டு லூப் என்றால் நான்கு மெய்ச் சமன்பாடுகள், நான்கு மாறிகள். 991இஎக்ஸ் நான்கு மாறி வரை தீர்க்கும். பழைய 991இஎஸ் மூன்றோடு நின்றுவிடும். வாங்கும்போது இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்து வாங்கு.

அண்ணா: என்னிடம் இருப்பது இஎஸ். வாங்கி வரும் வரை அதை வைத்துப் பழகு, இரவு கொண்டுவந்து தருகிறேன். டிஐ-89-ஐயும் தந்திருப்பேன். விடுமுறையில் பேட்டரியோடு டிராயரில் விட்டுவிட்டேன், ஒழுகி உள்ளே கம்பியெல்லாம் அரித்துவிட்டது. நீ அப்படி விட்டுவிடாதே.

இரவு 7:25

சித்தி: இப்போதுதான் சைட்டிலிருந்து வந்தேன், எல்லாவற்றையும் படித்தேன். கண்ணு, கிராஃபே வேண்டாம் என்று மட்டும் நினைத்துவிடாதே. கால்குலேட்டரில் வேண்டாம், சரி. ஆனால் கிராஃப் வேண்டும்.

நான்: எதற்கு சித்தி? சால்வ் பொத்தான் அழுத்தினால் விடை வந்துவிடுகிறதே.

சித்தி: ஒரு விடை வரும். எத்தனை விடை இருக்கின்றன என்று அது சொல்லாது. என் சிவில் துறையிலிருந்து ஒரு கணக்கு தருகிறேன்.

சித்தி: ஒரு செவ்வக வாய்க்கால். ஒரு மீட்டர் அகலத்துக்கு நொடிக்கு 2 கன மீட்டர் தண்ணீர் ஓடுகிறது. வாய்க்காலின் தரையிலிருந்து உயரமாக அளந்த ஆற்றல் 1.5 மீட்டர். தண்ணீரின் ஆழம் எவ்வளவு? ஆழத்தோடு திசைவேகத்தின் பங்கைக் கூட்ட வேண்டும். அதாவது ஆழம் + 0.2039 ÷ ஆழத்தின் வர்க்கம் = 1.5. அந்த 0.2039 என்பது 2-இன் வர்க்கத்தை 2 × 9.81-ஆல் வகுத்தது.

நான்: தொடக்க மதிப்பு 2 வைத்து அண்ணாவின் 991-இல் சால்வ் அழுத்தினேன் (இப்போதுதான் கொண்டுவந்தார்). 1.395 மீட்டர்.

சித்தி: தொடக்க மதிப்பை 0.3 ஆக்கு.

நான்: 0.438!! இரண்டுமே சரியா?

சித்தி: இரண்டுமே சரி. 1.395 என்றால் ஆழமாக, மெதுவாகப் போகும் தண்ணீர். 0.438 என்றால் மதகின் அடியிலிருந்து சீறி வரும் தண்ணீர். ஆற்றல் இரண்டுக்கும் ஒன்றே. நான் படிக்கும்போது மதகுக்குக் கீழே என்ன ஆழம் என்று கேட்ட கேள்விக்கு, கருவி காட்டிய முதல் விடையை எழுதி வைத்தேன். அது மதகுக்கு மேலே உள்ள ஆழம். கிராஃப் ஒரு முறை வரைந்து பார்த்திருந்தால், ஆற்றல் 1.5 என்ற கோடு வளைவை இரண்டு இடத்தில் வெட்டுவது கண்ணில் பட்டிருக்கும்.

மாமா: 991-இலும் இதற்கு வழி இருக்கிறது. ஆழத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கனச்சமன்பாடு. சமன்பாட்டு முறையில் 1, −1.5, 0, 0.2039 என்று நான்கு கெழுக்களைக் கொடு. நடுவில் அந்த 0-ஐ மறந்துவிடாதே.

நான்: மூன்று வேர்கள் வந்தன: 1.395, 0.438, −0.333. கடைசி எதிர்மறை, ஆழமாக இருக்க முடியாது. சரியா?

சித்தி: அதேதான்.

தாத்தா: அருமை. எங்கள் காலத்தில் ஸ்லைடு ரூல். அதில் மூன்று இலக்கம் கிடைக்கும், தசமப் புள்ளி எங்கே என்று அது சொல்லாது. அதனால் கணக்கைத் தொடங்கும் முன்பே விடை ஏறத்தாழ எவ்வளவு என்று மனதுக்குள் போட்டு வைத்துக்கொள்வோம். 1972-இல் ஹெச்பி-35 வந்த பிறகு ஸ்லைடு ரூல் போய்விட்டது. அந்தப் பழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. நீயும் பழகிக்கொள் பாப்பா.

நான்: சரி தாத்தா.

அண்ணா: தேர்வு அறையில் உட்கார்ந்ததும் சைன் 30 தட்டிப் பார். 0.5 வந்தால் டிகிரி. −0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது.

அம்மா: கிராஃப் வேண்டும், ஆனால் கால்குலேட்டரில் வேண்டாம் என்றால் எதில் வரைவாள்?

சித்தி: வீட்டில் படிக்கும்போது கைப்பேசியே போதும் அக்கா. டெஸ்மோஸ், ஜியோஜீப்ரா இரண்டும் இலவசம். திரை பெரிது, விரலால் இழுத்துப் பெரிதாக்கலாம். தேர்வில் கிராஃபிங் கால்குலேட்டரை அனுமதிக்கும் இடமாக இருந்தால் மட்டும் அதை வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

மாமா: எதில் வரைந்தாலும் ஒன்று கவனிம்மா. கருவி சில புள்ளிகளைக் கணக்கிட்டு அவற்றை இணைக்கிறது, அவ்வளவுதான். டிஐ-84 பிளஸின் பழைய கறுப்பு வெள்ளைத் திரையில் வரைபடத்துக்குக் குறுக்கே 95 புள்ளி. 0 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை வரைந்தால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 21 ஹெர்ட்ஸ் இடைவெளி. 5 ஹெர்ட்ஸ் அகலமுள்ள ரெசனன்ஸ் (ஒத்ததிர்வு) முகடு அந்த இடைவெளியில் காணாமல் போய்விடும். முகடு எங்கே வரும் என்று சூத்திரத்தில் பார்த்துவிட்டு, அந்த இடத்தைப் பெரிதாக்கி வரை.

மறுநாள் காலை 11:05

நான்: துறை அலுவலகத்தில் கேட்டேன். கிராஃப் வரைவது, நிரல் சேமிப்பது இரண்டுக்கும் அனுமதி இல்லை. 991இஎக்ஸ் கொண்டுவரலாம் என்றார்கள். எழுதித் தர முடியுமா என்று கேட்டேன், விதிமுறைத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். [படம்]

அண்ணா: படம் எடுத்ததுதான் சரி. மனசு நிம்மதியாக இருக்கிறது.

அம்மா: அப்படியானால் அதையே வாங்கிவிடலாம். இன்று மாலை போவோம்.

நான்: சித்தி, நேற்று இரவு உங்கள் வாய்க்காலை டெஸ்மோஸில் வரைந்தேன். ஆற்றலை 1.5-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். இரண்டு விடைகளும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வருகின்றன. 1.112-க்கு வந்ததும் இரண்டும் 0.741-இல் ஒட்டிக்கொள்கின்றன. 1.1 வைத்தால் கோடு வளைவைத் தொடவே இல்லை.

நான்: அதே 1.1-ஐ 991-இல் கனச்சமன்பாடாகப் போட்டேன். 0.736 + 0.078ஐ, 0.736 − 0.078ஐ என்று காட்டுகிறது. ஆழத்தில் எப்படி ஐ வரும்?

சித்தி: அவ்வளவு குறைந்த ஆற்றலில் அந்த 2 கன மீட்டர் அந்த வாய்க்காலில் ஓட முடியாது கண்ணு. அதைத்தான் கருவி அப்படிச் சொல்கிறது. நீ பிடித்த அந்த 0.741-க்குப் பெயர் கிரிட்டிகல் டெப்த் (மாறுநிலை ஆழம்). எங்களுக்கு அது மூன்றாம் வருடப் பாடம்.

மாமா: வேர்கள் ஒட்டிக்கொண்டு பிறகு காம்ப்ளெக்ஸாகப் பிரிவதை மறக்காமல் வைத்துக்கொள். ஒரு ரெசிஸ்டர், ஒரு காயில், ஒரு கெபாசிட்டர் தொடராக உள்ள சர்க்யூட்டில் ரெசிஸ்டரைக் குறைத்துக்கொண்டே வந்தால் உனக்கும் இதேதான் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை வா, உட்கார்ந்து வரைவோம்.

நான்: வருகிறேன் மாமா. புதுக் கால்குலேட்டரோடு.