இங்கிலாந்தின் இத்தாலிய உணவகத்தில் சைவக்காரர் எதைக் கேட்டு உண்பது?

கேள்வி (நல்லூர்):
வணக்கம். பெட்போர்ட் நகரில் வசிக்கும் என் மகள், வரும் சித்திரையில் நானும் மனைவியும் அங்கு செல்லும்போது, ஓர் இத்தாலியக் குடும்பம் நெடுங்காலமாக நடத்திவரும் உணவகத்துக்கு எங்களை அழைத்துச் செல்ல மிகவும் ஆசைப்படுகிறாள். நாங்கள் பிறந்தது முதல் சைவம், முட்டையும் உண்பதில்லை. மகளின் முகம் வாடக் கூடாது, எங்கள் நெறியும் தவறக் கூடாது. மீனோ இறைச்சியோ சேராத உணவென்றால் நம்பி உண்ணலாமா?

பதில் (மானிப்பாய்):
ஐயா, அத்தகைய உணவகமொன்றின் சமையலறையில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தவன் நான். இறைச்சி கண்ணில் படாதது மட்டும் போதாது. பாஸ்தாவின் மேல் துருவித் தூவும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைச் செய்யும்போது, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டுதான் பாலைத் திரைய வைக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே அது சைவமன்று. பெஸ்தோ என்ற பச்சை இலைத் துவையலிலும் பெரும்பாலும் அதே சீஸ் இருக்கும். ரிசோத்தோ நம் பாற்சோற்றைப் போலத் தோன்றினாலும், பல இடங்களில் கோழி எலும்பை அவித்த சாற்றிலேயே அரிசியை வேக வைக்கிறார்கள். புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை சேரும். உலர்ந்த ஸ்பகெற்றி, பென்னே போன்றவை வழக்கமாகக் கெட்டிக் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டுமே. எனவே தக்காளி, உள்ளி, செத்தல் மிளகாய் சேர்ந்த பென்னே அர்ராபியாத்தாவைச் சீஸ் தூவாமல் கேளுங்கள். மரினாரா பீட்சாவில் சீஸே கிடையாது. இனிப்பில் திராமிசுவில் முட்டையும், பன்னா கோட்டாவில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலற்றினும் உண்டு. பழம் கேட்பதே நல்லது.

பதில் (கொக்குவில்):
மேலே சொன்னவை சரியே. ஆயினும் அண்ணா, அங்கு செல்லத் தயங்க வேண்டாம். 1950களில் பெட்போர்ட்டின் செங்கல் ஆலைகளுக்காகத் தென் இத்தாலியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து குடியேறினார்கள். அவர்களுடைய கிராமத்துச் சமையலில் இறைச்சி அரிது. கத்தரிக்காய், பயறு வகைகள், பாண், ஒலிவ எண்ணெய் ஆகியவையே அன்றாட உணவு. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தவிர்க்கும் வழக்கம் நம்மூர்க் கத்தோலிக்கரிடம் இருப்பதுபோல் அவர்களிடமும் உண்டு என்பதால், விரதம் என்ற சொல்லின் பொருள் அவர்களுக்கு விளங்கும். கத்தரிக்காயைப் பொரித்து, வினாகிரியும் சீனியும் சேர்த்துச் செய்யும் கப்பொனாத்தாவை நான் சுவைத்தபோது அம்மாவின் அடுப்பங்கரை நினைவுக்கு வந்தது. ஒரு நாள் முன்னதாகவே மகளைத் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பொரிக்கும் எண்ணெயில் மீன் பொரித்திருக்குமோ என்று மனைவி கேட்கிறார்.

பதில் (மானிப்பாய்):
பொரித்திருக்கக் கூடும், ஐயா. கப்பொனாத்தாவுக்கும் அதைக் கேட்க வேண்டும். மகள் தொலைபேசியில் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.