15 வயசு பூனைக்கு கிட்னி பிரச்சனை, அட்மிட் பண்ணலாமா?

நாகர்கோவில்ல இருக்கேன். எங்க அம்முவுக்கு ரத்த டெஸ்ட்ல கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு) 4.2னு ஏறிக் கெடக்கு, தண்ணி குடிச்சிட்டே இருக்கா, முதுகத் தடவுனா எலும்பு கையில தட்டுது. அட்மிட் பண்ணி டிரிப் போடணும்னு டாக்டர் சொல்லுதாங்க, கூண்டுக்குள்ள வச்சாலே நடுங்குதா, என்ன செய்ய?

தக்கலைக்காரன்: அக்கா, எங்க பூனைக்கு தோலுக்கடியில சலைன் ஏத்த டாக்டரே சொல்லித்தந்தாங்க, வீட்டுலயே மடியில வச்சு போட்டோம், எட்டு மாசம் நல்லா இருந்தான். ஹார்ட் பிரச்சனை இருந்தா அது ஆகாது, கேட்டுக்கோங்க. பிரஷரும் பாக்கச் சொல்லுங்க, ஏறுனா கண்ணு போயிரும்.

குளச்சல் பொண்ணு: ரெண்டு நாள் பட்டினி விட்டிராதீங்க, ஈரல் கெட்டுரும். வலிக்குதேன்னு பாராசிட்டமால் மட்டும் குடுத்திராதீங்க, பூனைக்கு அது விஷம்.

அம்மு வீட்டுக்காரி: நாளைக்கே கேக்கேன். இப்ப சாளை அவிச்ச தண்ணிய உப்பில்லாம வச்சேன், நாலு நக்கு நக்கிட்டு என் காலுல சாஞ்சு படுத்துட்டா.