கார்ப்பெட்டில் தெள்ளுப்பூச்சி: இரண்டு முறை மருந்தடித்தும் போகவில்லை

சாம்பல்பூனை:
வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. ஒரு மாதமாகத் தெள்ளுப்பூச்சித் தொல்லை தாங்க முடியவில்லை. ஹால் முழுக்கக் கார்ப்பெட், துணி போட்ட சோபா. பூச்சி ஸ்பிரே இரண்டு முறை அடித்தாயிற்று, அடித்த அன்று ஒன்றும் தெரியாது, நாலாம் நாள் திரும்பக் காலைக் கடிக்கும். நடுவில் பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போயிருந்தோம், பூனையும் எங்களோடுதான் இருந்தது. ரத்தம் கிடைக்காமல் எல்லாம் செத்திருக்கும் என்று நினைத்துத்தான் கதவைத் திறந்தேன். ஹாலைத் தாண்டுவதற்குள் வெள்ளை சாக்ஸில் கறுப்புக் கறுப்பாக ஏறிவிட்டது, எண்ணிப் பார்த்தேன், 17. மகளுக்குக் கணுக்கால் முழுக்கத் தடிப்பு, ராத்திரி தூக்கத்திலேயே சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறாள். ஆளில்லாத வீட்டில் இத்தனையும் எங்கிருந்து வந்தன? கார்ப்பெட்டையும் சோபாவையும் தூக்கி எறிந்துவிடலாமா?

மரப்படி:
எறிய வேண்டாம். நானும் இதில் மூன்று மாதம் அவதிப்பட்டவன்.

குதிப்பவை கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் கார்ப்பெட்டுக்குள் இருக்கின்றன. ஒரு பெண் பூச்சி ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும். அவை ரோமத்தில் ஒட்டி நிற்காது, பூனை படுக்கும் இடத்திலெல்லாம் உப்புத்தூள் மாதிரி உதிரும். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, கார்ப்பெட்டின் அடிவேர் வரை இறங்கி, பெரிய பூச்சிகள் போடும் எச்சத்தைத் தின்று வளரும். எச்சம் என்றால் காய்ந்த ரத்தம்தான். சோபா மெத்தையைத் தூக்கிப் பாருங்கள், மிளகுத்தூள் மாதிரி ஏதாவது கிடந்தால் ஈரப் பஞ்சில் ஒற்றி எடுங்கள், துரு நிறத்தில் கரைந்தால் அதுவேதான்.

புழு கடைசியில் பிசுபிசுப்பான ஒரு கூட்டைக் கட்டிக்கொள்ளும். அதன்மேல் தூசியும் நூலும் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்கே தெரியாது, ஸ்பிரேயும் உள்ளே போகாது. உள்ளே இருப்பது மாதக்கணக்கில் கூடக் காத்திருக்கும், பக்கத்தில் நடக்கிற அதிர்வோ உடம்புச் சூடோ மூச்சுக் காற்றோ பட்டால் அந்த நிமிடமே வெளியே வரும். நீங்கள் கதவைத் திறந்து நடந்ததும் கிளம்பியவைதான் அந்த 17.

அதனால் முதல் ஆயுதம் வேக்குவம் கிளீனர். அதன் அதிர்விலும் சூட்டிலும் கூட்டுக்குள் இருப்பவை வெளியே வந்து மாட்டும். இரண்டு வாரத்துக்குத் தினமும் போடுங்கள், அவசரப்படாமல் மெதுவாக இழுங்கள், பூனை படுக்கும் மூலை, சுவரோரம், சோபாவின் தையல் மடிப்பு, சோபாவுக்கு அடியில் என்று ஒன்றையும் விடாதீர்கள். முடித்ததும் பையைக் கட்டி அப்போதே வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். மருந்தடிப்பதானால் அதற்கு முன்னால் வேக்குவம் போட்டுவிட்டு, மெத்தோபிரீன் அல்லது பைரிப்ராக்சிஃபென் கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள், இவை முட்டையும் புழுவும் வளரவிடாமல் தடுப்பவை. காயும்வரை குழந்தையையும் பூனையையும் உள்ளே விடாதீர்கள். மீன் தொட்டி இருந்தால் அதை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

வெள்ளைக்கோட்டு:
கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். பூனைக்கு என்ன மருந்து போட்டீர்கள் என்று எழுதவே இல்லையே? பூனையை விட்டுவிட்டு வீட்டுக்கு மட்டும் மருந்தடித்தால் தினமும் புது முட்டை விழுந்துகொண்டேதான் இருக்கும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், நாய்க்கு விற்கிற சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், பூனைக்கு அது விஷம். உடம்பெல்லாம் நடுங்கி வலிப்பு வந்த நிலையில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், எல்லாவற்றையும் எங்களால் காப்பாற்ற முடிவதில்லை. டீ ட்ரீ எண்ணெயும் வேண்டாம். மருத்துவரிடம் எடை பார்த்து, பூனைக்கென்றே உள்ள மருந்தை வாங்கி, வீட்டில் வேறு பிராணி இருந்தால் அதற்கும் அன்றே போட்டு, அவர் சொல்கிற இடைவெளியில் சில மாதம் விடாமல் தொடருங்கள்.

அப்புறம், வாலுக்கடியில் அரிசி மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நக்கும்போது தெள்ளை விழுங்குவதால் நாடாப்புழு வரும், அதற்குத் தனி மருந்து.

சாம்பல்பூனை:
மிக்க நன்றி. பூனையை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன், அவ்வளவுதான். நாளைக்கே மருத்துவரிடம் போகிறேன். கார்ப்பெட்டில் உப்பு தூவச் சொல்கிறார்கள், டயட்டம் மண் என்று ஏதோ ஒரு பூச்சித் தூளைச் சொல்கிறார்கள், அறையில் திறந்துவைத்துவிட்டு வெளியே போகிற புகை டப்பா என்கிறார்கள். எதற்காவது பலன் உண்டா?

ஜன்னலோரம்:
உப்பை நம்பி நான் ஒரு மாதத்தை வீணாக்கினேன். புகை டப்பா மேலே எழும்பித் தரையில் படியும், சோபாவுக்கு அடியில் போகாது, புழு இருப்பதே அங்கேதான். டயட்டம் மண் நுண்தூள், மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல், குழந்தை உருளுகிற தரையில் அதைத் தூவ எனக்கு மனசு வராது. சூடுதான் எனக்குக் கைகொடுத்தது. துவைக்க முடிந்த உறை, போர்வை, பூனைப் படுக்கை எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தேன், சோபாவுக்கு நீராவி பிடித்தேன். நீராவி பிடித்தால் நன்றாக உலரவிடுங்கள், ஈரப்பதம் புழுவுக்குச் சாதகம்.

குறைகிறதா என்று தெரிய, ராத்திரி தரையில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் சின்ன விளக்கை எரியவிடுங்கள். வெளிச்சத்துக்கு வந்து விழும். ஒழிக்க அது போதாது, எண்ணிப் பார்க்க உதவும்.

சாம்பல்பூனை:
24 நாள் ஆகிறது. தட்டில் முதல் ராத்திரி 11, நாலாம் நாள் 14 விழுந்ததைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது. பிறகு இறங்கியது. இந்த வாரம் மொத்தமே 1. மகள் ராத்திரி எழுந்திருக்காமல் தூங்குகிறாள். வேக்குவம் போடுவதை நிறுத்தலாமா?

மரப்படி:
நல்ல செய்தி! அந்த 14 பழைய கூட்டிலிருந்து வந்தவை, எனக்கும் அப்படித்தான் நடுவில் ஏறியது. நிறுத்த வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் தட்டு காலியாக இருந்தால் வாரம் இரண்டு முறையாகக் குறைக்கலாம். பூனை மருந்துக்குத் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள், நான் அடுத்த மாதம் மறந்துதான் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.