மறு: ஷட்ஆஃப் வால்வு – ஓரதரா, மடையா?

வணக்கம்.

> 'அடைப்பு ஓரதர்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வீட்டுக் குழாயில் தண்ணீரை நிறுத்தும் ஷட்ஆஃப் வால்வுக்கு இந்தச் சொல்லை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதர் என்றால் வழி. ஒரு திசையில் மட்டும் நீரை விடுவது ஓரதர். கீசரில் குளிர்நீர் நுழையும் இடத்தில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வுக்கு அது அச்சாகப் பொருந்தும். ஆனால் ஷட்ஆஃப் வால்வாகப் பயன்படும் பால் வால்வைத் (ball valve) திறந்து வைத்தால் தண்ணீர் எந்தப் பக்கமிருந்தும் போகும். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் குழாய் வரைபடத்தைப் பார்த்து வேலை செய்பவர் எதை வைப்பார்? 'அடைப்பு' அதைவிடச் சிக்கல். பாத்ரூமில் அடைப்பு என்றாலே எல்லாருக்கும் கழிவுக்குழாய்தான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை மடை. வயலுக்குத் தண்ணீர் விடுவதும் நிறுத்துவதும் மடையில்தானே? திறப்பது, அடைப்பது என்ற வினைகள் அதோடு ஏற்கெனவே ஒட்டியிருக்கின்றன. தலைமடை, கடைமடை இரண்டும் காவிரிப் படுகையில் இன்றும் புழங்கும் சொற்கள். வீட்டுக் குழாயும் அதே வரிசையில்தான் போகிறது. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் தலைமடை, ஒவ்வொரு குளியலறைக்கும் பிரியும் இடத்தில் கிளைமடை. வாஷ்பேசின், ஃப்ளஷ் டேங்க், ஹெல்த் ஃபாசெட் ஒவ்வொன்றுக்கும் சுவரில் வைக்கும் சிறு வால்வான அரை அங்குல ஆங்கிள் காக்தான் கடைமடை. ஃப்ளஷ் டேங்க் ஒழுகினால் அதன் கடைமடையை மூடினால் போதும். சுவருக்குள் கசிந்தால் கிளைமடையை மூட வேண்டும். பல வீடுகளில் இந்தக் கிளைமடையே இருப்பதில்லை. ஒரு குளியலறையில் பழுது பார்க்க வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்துகிறார்கள். பெயர் வைத்து வரைபடத்தில் எழுதிவிட்டால் அது விடுபடாது என்று உறுதியாக நம்புகிறேன்.

கடைமடை என்பது பாசனத்தின் கடைசிப் பகுதியைக் குறிக்கிறதே என்று கேட்கலாம். குறிக்கட்டும், இடம் பார்த்துப் பொருள் புரிந்துவிடும்.

அப்புறம் வகைகள். பால் வால்வுக்கு 'உருளைமடை' வேண்டாம், உருளை சிலிண்டராகிவிடும். உள்ளே இருப்பது துளையிட்ட குண்டு, எனவே குண்டுமடை. கேட் வால்வில் பலகை போல ஒன்று இறங்கி அடைக்கிறது, அது பலகைமடை. கிளைமடைக்கு நான் குண்டுமடையைத்தான் சொல்வேன். கால் சுற்றில் மூடும். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது, பார்த்தாலே தெரியும். பலகைமடையைப் பல சுற்று சுற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில், வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் உப்பு படிந்து பலகை அடிவரை இறங்காது, அவசரத்துக்கு மூடினாலும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்.

சுவருக்குள் பதிக்கும் கன்சீல்டு ஸ்டாப் காக்குக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'புதைமடை' என்றால் புதைசாக்கடை ஞாபகம் வருகிறது. 'சுவர்மடை' சரியா, சொல்லுங்கள்.

அன்புடன்