கடலோரக் கிணறுகளில் உப்பு அளக்க ஆள் வேண்டும்

குமரி மாவட்டக் கடற்கரையில் ராஜாக்கமங்கலம்துறை, பள்ளம், மணக்குடி பக்கம் வீட்டுக் கிணறு உள்ளவர்கள் உதவ முடியுமா? மாதம் ஒருமுறை டி.டி.எஸ். மீட்டரில் (லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்துள்ளன என்று காட்டும் கருவி) அளந்து இங்கே பதிந்தால் போதும். கூடவே, கிணற்று விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதும் வேண்டும்.

மேல்தண்ணீரைக் கோரி அளந்தால் ஏமாந்துபோவோம். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும்; மேலே 400 காட்டும் கிணறு அடியில் 2000 காட்டலாம். பாட்டில் கழுத்தில் ஒரு கயிறு, தக்கையில் இன்னொன்று கட்டி, கல்லோடு இறக்குங்கள். கிணற்றின் அடித்தரைக்கு ஓர் அடி மேலே நிறுத்தித் தக்கையை இழுங்கள். தரையைத் தொட்டால் சேறு கலங்கிவிடும். காலையில் மோட்டார் போடும் முன்பே எடுக்க வேண்டும், ஓடி நின்றதும் அடி உப்பு மேலேறியிருக்கும்.

கடல்மட்டம் உயர்வதை நாம் நிறுத்த முடியாது. ஆனால் மணல் நிலத்தில், கடல்மட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஓர் அடி ஏறினால் உப்பின் எல்லை ஏறத்தாழ 40 அடி கீழே போகும் என்பது கணக்கு. இறங்கினாலும் அதே கணக்குதான்! ஆகவே கூரைத் தண்ணீரை மண்ணுக்குள் விடுவதும் மோட்டாரைக் குறைப்பதும் பலன் தருகிறதா என்று பார்க்க, ஆனி மழைக்கும் ஐப்பசி மழைக்கும் முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் கட்டாயம் தேவை.

மீட்டர் இல்லாதவர்கள் ஊர்ப்பெயரை மட்டும் எழுதுங்கள். கூடுதல் மீட்டர் வைத்திருப்பவர்கள் இரவல் தர முடியுமா?