லாஸ் வேகாஸ் உலகப் போக்கர் தொடர்: மலையிலிருந்து போய் ஆடியவர்களிடம் சில கேள்விகள்

கோத்தகிரிவாசி:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். சில ஆண்டுகளாகக் கோவாவின் மிதவை கேசினோக்களில் நடக்கும் போக்கர் சீட்டாட்டப் போட்டிகளில் ஆடி வருகிறேன். அடுத்த கோடையில் லாஸ் வேகாஸ் சென்று, உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் ஒருமுறையேனும் அமர்ந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. பச்சைத் தேயிலை விற்கும் விலையில் 10,000 டாலர் நுழைவுத்தொகையை நான் ஒருவனே கட்ட இயலாது. நண்பர்கள் இருவர் பங்கு போட முன்வந்திருக்கிறார்கள். பரிசு கிடைத்தால் போட்ட விகிதப்படி பிரித்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 86 டாலர் இணையத் தகுதிச் சுற்றின் வழியாக நுழைந்து 25 இலட்சம் டாலர் வென்றார். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துவிட்டதால் நமக்கு அந்த வழி இல்லை. நேரில் சென்று ஆடியவர்கள் பயணத்தை எப்படி அமைத்துக்கொண்டீர்கள், அங்கே ஆட்டம் எப்படி இருந்தது, பணத்தை எவ்வாறு கொண்டுசெல்வது என்பவற்றை விளக்கினால் உதவியாக இருக்கும்.

சிம்ஸ்பூங்கா (குன்னூர்):

நான் அந்தப் போட்டியில் ஆடி, இரண்டாம் நாளில் வெளியேறியவன். சீட்டறிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. அங்கே முதலில் சோதனைக்குள்ளாவது உடம்புதான். கோடையில் அந்நகரத்து நேரம் நம்முடையதைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். நண்பகல் வாக்கில் சீட்டுப் போடத் தொடங்கும்போது உங்கள் உடம்பு நள்ளிரவைக் கடந்திருக்கும். ஒரு நாளுக்கு இரண்டு மணி நேரக் கட்டங்கள் ஐந்து. இடைவேளைகளையும் சேர்த்தால் எழுந்திருக்கும்போது அங்கே நள்ளிரவு நெருங்கியிருக்கும். ஐந்தாம் கட்டத்தில் எதிரே இருந்தவர் கடைசிச் சீட்டு விழுந்ததும் பெருந்தொகை வைத்தார். அதற்கு முந்தைய சுற்றில் அவர் எவ்வளவு வைத்தார் என்பதை நினைவுக்குக் கொண்டுவரவே எனக்கு நெடுநேரம் பிடித்தது. கோவாவில் அந்தக் கணக்கு தானாக வந்திருக்கும். ஆகவே ஒரு வாரமாவது முன்னதாகச் சென்று உறக்கத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

தொடக்க நாட்கள் 1ஏ முதல் 1டி வரை நான்கு. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் நாளிலேயே ஆடித் தப்பிப் பிழைத்தவர், அடுத்த ஆட்டத்துக்காக விடுதி வாடகை கட்டிக்கொண்டு வெறுமனே காத்திருக்க நேரிடும். தொலைவிலிருந்து செல்பவர்களுக்குக் கடைசித் தொடக்க நாளே நல்லது என்பது என் கருத்து. இறுதி மேசை வரை செல்பவர்களுக்குப் போட்டி இரண்டு வாரத்தை எட்டும், பெரும்பாலோருக்கோ இரண்டு மூன்று நாட்களில் முடிந்துவிடும் என்பதால், கூடுதல் கட்டணம் ஆனாலும் தேதி மாற்றத்தக்க விமானச் சீட்டையே எடுங்கள்.

ஆட்டத்தில் அவசரம் வேண்டாம். 60,000 சில்லுகள் தருவார்கள். தொடக்கத்தில் பெரிய பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் பந்தயம்) 200 மட்டுமே. பிளைண்ட் விரைந்து ஏறும் போட்டிகளில் பழகியவர்கள் ஜோடிச் சீட்டைக் கண்டதும் எல்லாச் சில்லுகளையும் பந்தயமாகத் தள்ளிவிடுவார்கள். இங்கே அதற்குத் தேவையே இல்லை. சீட்டு நடந்துகொண்டிருக்கும்போது மேசையில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேச அனுமதி கிடையாது. தமிழரோ படகரோ எதிரில் அமர்ந்துவிட்டால் வாய்தவறிக்கூட நம் மொழியில் பேசிவிடாதீர்கள்.

இன்னொன்று, கம்பளிச் சட்டை. பாலைவனத்துக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று வீட்டில் சிரிப்பார்கள். 2024 ஜூலை 7 அன்று அந்நகரில் 48.9 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. ஆனால் அரங்கின் உள்ளே குளிரூட்டி வீசும் குளிர் நம் ஊர் டிசம்பர் இரவை ஒத்தது. வெளிக்காற்றில் ஈரமே இல்லாததால், மலைக்காற்றில் வளர்ந்த நமக்கு உதடும் மூக்கும் வெடிக்கும்.

உதகைக் கணக்கர்:

பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பொதுவாக 3,000 டாலர் வரையே நோட்டாக எடுத்துச் செல்லலாம். மீதியைப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். லாட்டரிச் சீட்டு போன்றவற்றுக்காக அந்நியச் செலாவணி அனுப்புவதை விதிகள் தடைசெய்கின்றன. ஆகவே நுழைவுத்தொகையை உங்கள் வங்கி எந்த வகையில் சேர்க்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கவுன்டரில் வாய்மொழியாகக் கிடைக்கும் உறுதியை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

பரிசு கிடைத்தால் அமெரிக்காவில் 30 விழுக்காடு வரி பிடிப்பார்கள். பிரிட்டன், ஜெர்மனி போன்ற சில நாடுகளில் வசிப்போருக்கு வரி ஒப்பந்தத்தின் வழியாக இதில் விலக்கு உண்டு, இந்தியாவில் வசிப்போருக்கு இல்லை. இங்கும் சீட்டாட்ட வருமானத்துக்கு 30 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் உண்டு. விமானக் கட்டணம், விடுதிச் செலவு எதையும் அதிலிருந்து கழிக்க முடியாது. அங்கே கட்டிய வரிக்கான சான்று இருந்தால் இங்கே வரவு கோரலாம்; அந்தத் தாளைத் தொலைத்துவிட்டால் இரண்டு வரியும் உங்கள் தலையில்தான்.

பங்கு போடும் ஏற்பாட்டில்தான் எனக்குக் கவலை. பரிசும் வரியும் முழுக்க உங்கள் பெயரில் வரும். வரி போகப் பிரிப்பதா, வரிக்கு முன்பா என்பதை எழுதிக்கொள்ளாமல் புறப்படாதீர்கள். எழுதினாலும், பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு கூறுவதால், தகராறு வந்தால் நீதிமன்றம் உங்கள் தாளை ஏற்கும் என்று எண்ண வேண்டாம்.

கொடை_ஏரிக்கரை:

ஆசையைக் குலைக்க வரவில்லை, கணக்கை மட்டும் பாருங்கள். 2024இல் 10,112 பேர் ஆடினார்கள், 1,517 பேருக்குப் பரிசு. கடைசிப் பரிசு 15,000 டாலர். அதாவது நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் வெறுங்கையுடன் திரும்பினார்கள். கட்டும் 10,000 டாலரில் பரிசுத் தொகுப்புக்குப் போனது 9,300 மட்டுமே. பரிசு எல்லையைத் தொட்டவரும் வரி, விடுதி, விமானம், நண்பர்களின் பங்கு எல்லாம் போக என்ன மிச்சம் கண்டிருப்பார்? முதன்மைப் போட்டி நடக்கும் அதே கோடையில், அதே அரங்கில், ஆயிரம் டாலருக்கும் அதற்குக் குறைவாகவும் நுழைவுத்தொகை உள்ள போட்டிகள் பல நடக்கின்றன. நண்பர்களின் பணத்தைத் தொடாமல் அவற்றில் ஒன்றை ஆடிவிட்டு வந்தால், திரும்பி வந்தபின் கடைவீதியில் யார் முகத்தையும் தவிர்க்க வேண்டியிருக்காது.

கோத்தகிரிவாசி:

மூவருக்கும் நன்றி. நண்பர்களிடம் இன்று மாலை பேசிவிட்டேன். பங்கு ஏற்பாட்டை நிறுத்திவைக்கிறோம். என் சொந்தப் பணத்தில் சிறிய போட்டி ஒன்றை ஆடுவதாகவும், அங்கேயே நடக்கும் 1,100 டாலர் தகுதிச் சுற்று ஒன்றில் மட்டும் முயல்வதாகவும் எண்ணியிருக்கிறேன். விசா நேர்காணலில் போக்கர் ஆடப் போகிறேன் என்று சொல்லலாமா? சுற்றுலா என்று மட்டும் சொல்லும்படி இங்கே சிலர் அறிவுறுத்துகிறார்கள்.

சிம்ஸ்பூங்கா (குன்னூர்):

உள்ளதைச் சொல்லுங்கள். உலகெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து ஆடும் போட்டி அது. மறைக்க ஒன்றுமில்லை, மறைத்தது தெரிந்தால்தான் சிக்கல். சென்னையில் கைரேகைப் பதிவு ஒரு நாள், துணைத் தூதரகத்தில் நேர்காணல் வேறொரு நாள் என்று அமையக்கூடும், தங்குவதற்குத் திட்டமிடுங்கள். தோட்டத்தின் பட்டா, சிட்டா, தொழிற்சாலைக்கு இலை கொடுத்த ரசீதுகள், வருமான வரிக் கணக்கு ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். ஊர் திரும்ப உங்களுக்குக் காரணம் இருக்கிறது என்பதை அவையே காட்டும். நேர்காணல் தேதி கிடைக்கவே மாதங்கள் ஆகலாம் என்பதால், விமானச் சீட்டைப் பற்றி யோசிக்கும் முன் விண்ணப்பத்தை நிரப்பிவிடுங்கள். புறப்படும் நாளன்று மட்டும் மலைப்பாதையை நம்ப வேண்டாம்; ஜூன், ஜூலை மழையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் சாலை எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. முந்தைய நாளே கோவைக்கு இறங்கிவிடுங்கள்.