‘காஸ்டல் பிரேக்’: முறிவா, மெலிவா? கரை ஈ கையேட்டுக்கு ஒரு சொல்

மல்லேசுவரத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். கரை ஈக்களில் புதிய சிற்றினத்தை விவரிப்பது பற்றிய நம் கையேட்டில் இறக்கைப் பகுதி ஒரே ஒரு சொல்லால் நிற்கிறது. எபிட்ரிடே குடும்பத்துக்குக் ‘கரை ஈ’ என்பது முடிவாகிவிட்டது. ஹைட்ரெல்லியா பேரினத்தின் புழு நெற்குருத்துக்குள் இலையைத் தின்கிறதே, கலிபோர்னியாவில் ஒன்று கச்சா எண்ணெய்க் குட்டையிலேயே வளர்கிறதே, அவையும் கரை ஈயா என்று கேட்டவர்களுக்கு: பெயர் பெரும்பான்மையைப் பார்த்து வைப்பது. கனாசிடே குடும்பத்துக்குக் ‘கடற்கரை ஈ’ என்றால் இரண்டும் குழம்பும். ‘அலைவாய் ஈ’ என்றே போட்டிருக்கிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

சிக்கல் ‘காஸ்டல் பிரேக்’. காஸ்டாவை ‘முன்விளிம்பு நரம்பு’ என்கிறோம். அதில் வரும் பிரேக்கை ‘முறிவு’ என்று எழுதிவிடலாமா?

ஹெப்பாளிலிருந்து:

> ‘முறிவு’ என்று எழுதிவிடலாமா?

வேண்டாம் ஐயா. முறிவு என்றதும் எலும்பு முறிவுதான் நினைவுக்கு வரும். மாணவர் இறக்கையைப் பார்ப்பார், நரம்பு எங்கே ஒடிந்திருக்கிறது என்று தேடுவார். வலையில் அடிபட்ட ஈயில் நிஜமாகவே ஒடிந்திருக்கும், அதையும் சேர்த்து எண்ணுவார். இங்கே எண்ணிக்கைதான் குடும்பத்தையே தீர்மானிக்கிறது. கரை ஈக்கு இரண்டு இடம்: ஒன்று தோள் குறுக்கு நரம்பை ஒட்டி, மற்றது துணைவிளிம்பு நரம்பு வந்து சேரவேண்டிய இடத்தில். அலைவாய் ஈக்கும் குளோரோபிடே குடும்பத்துக்கும் இந்த இரண்டாவது மட்டும்தான் உண்டு. அடிபட்ட ஓர் அலைவாய் ஈயில் ஒன்று கூடுதலாக எண்ணிவிட்டால் நேரே கரை ஈ பக்கத்துக்கு வந்து நிற்பார். பிறகு எந்தப் பேரினத்திலும் பொருந்தாது. ‘புதியது!’ என்று குதிப்பார்.

நாற்பது மடங்கில் பார்த்தால் அங்கே இருப்பது ஒடிவு அல்ல. பழுப்பாகத் தடித்து வரும் நரம்பு ஒரு சிறு தூரத்துக்கு வெளிறி ஒடுங்குகிறது, பிறகு மறுபடி தடிக்கிறது. இறக்கை அந்த இடத்தில் வளைந்து கொடுக்கும். ஒடிந்த நரம்பில் விளிம்பு பிசிறாக இருக்கும், படலமும் கிழிந்திருக்கும். இதில் படலம் முழுதாக இருக்கும். இன்னொன்று, உண்மையான பிரேக் இடது வலது இரண்டு இறக்கையிலும் அதே இடத்தில் இருக்கும். இந்தச் சோதனையைக் கையேட்டில் போட்டே ஆகவேண்டும்.

என் பரிந்துரை: ‘நெகிழிடம்’.

அல்சூரிலிருந்து:

அம்மா சொன்ன காரணம் சரி, சொல் சரியில்லை. நெகிழ்வது அதன் வேலை. காய்ந்து விறைத்த ஈயில் எதுவும் நெகிழாது. அடையாளக் குறிப்பில் கண்ணுக்குத் தெரிவதைத்தான் பெயராக வைக்கவேண்டும். வெளிறி ஒடுங்குகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ‘மெலிவு’ போதுமே?

ஹெப்பாளிலிருந்து:

> ‘மெலிவு’ போதுமே?

போதாது. முன்விளிம்பு நரம்பு இறக்கை நுனியைத் தாண்டி முடியும் இடத்திலும் மெலிந்துதான் முடிகிறது. அது எந்த நரம்போடு முடிகிறது என்பதும் ஓர் அடையாளம், அதை வேறாகச் சொல்லவேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது.

அல்சூரிலிருந்து:

அப்படியானால் ‘இடைமெலிவு’. இருபுறமும் தடிப்பு, நடுவில் மெலிவு. நுனியில் வருவது ‘கடைமெலிவு’. சங்க இலக்கியத் தலைவிக்கு இருந்த வருணனை ஈக்கும் போகட்டும்!

மல்லேசுவரத்திலிருந்து:

சிரித்தாலும் ஏற்கிறேன். ‘தோள் இடைமெலிவு’, ‘துணைவிளிம்பு இடைமெலிவு’ என்று முன்னொட்டும் ஒட்டுகிறது. வரைவு இது:

“முன்விளிம்பு நரம்பில் இடைமெலிவு இரண்டு. துணைவிளிம்பு நரம்பு முன்விளிம்பைத் தொடாமல் தேய்ந்துவிடும். மலப்புற அறை இல்லை.”

கடைசி வாக்கியம் டிரோசோபிலாவுக்காக. பழ ஈயிலும் இடைமெலிவு இரண்டுதான், ஆனால் அதில் இறக்கை அடியில் அந்தச் சிறு அறை உண்டு. உணர்கொம்பின் முள்மயிரான அரிஸ்டாவையும் பார்க்கலாம்: பழ ஈயில் கிளை மயிர் மேலும் கீழும் இருக்கும். கரை ஈயில் கிளை இருந்தால் மேற்பக்கம் மட்டும்தான். அரிஸ்டாவை அப்படியே வைத்துக்கொள்வோம், மூன்று மாதம் அடித்துக்கொண்டது போதும்.

ஹெப்பாளிலிருந்து:

வரைவு நன்று. ‘எப்படிப் பார்ப்பது’ என்ற பத்தியில் இவற்றைச் சேர்க்க வேண்டுகிறேன்.

தோள் இடைமெலிவுதான் தவறிப்போவது. இறக்கை முதுகின்மேல் மடிந்திருந்தால் மார்பின் முள்மயிர்கள் அதை மறைக்கும். ஒளியை மேலிருந்து விடாமல் பக்கத்திலிருந்து தாழ்வாக விட்டு, ஈ குத்தியிருக்கும் ஊசியைச் சாய்த்துப் பார்க்கவேண்டும். அப்படியும் ஐயம் தீராவிட்டால் ஓர் இறக்கையைக் கழற்றி, கலப்பற்ற ஆல்கஹாலில் நீர் நீக்கி, யூபரால் என்னும் பதிபிசினில் கண்ணாடித்தகட்டில் பதிக்கலாம். ஒரே ஒரு ஈதான் கையில் இருக்கிறது என்றால் கழற்ற வேண்டாம்.

ஆல்கஹாலில் கிடக்கும் ஈயை வைத்து முகத்தை விவரிக்கக் கூடாது. கரை ஈ முகத்தின் நுண்பொடிப் பூச்சு நனைந்தால் மறைந்து கறுப்பாகத் தெரியும். காய்ந்ததும் வெள்ளியாகவோ பழுப்புப் பொன்னாகவோ மீளும். ஆல்கஹாலிலிருந்து எடுத்து அப்படியே காயவிட்டால் கண்ணும் முகமும் உள்ளே குழிந்துவிடும். ஹெக்ஸாமெத்தில்டைசிலாசேன் என்னும் ஆவியாகும் திரவத்தின் வழியாகக் காயவைப்பது நல்லது, புகை உறிஞ்சும் பெட்டிக்குள் மட்டும்.

ஆண் உறுப்பு பார்க்காமல் சிற்றினம் என்று சொல்லவே வேண்டாம். வயிற்றைப் பிரித்து 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மிதமான சூட்டில் சில நிமிடம். கொதிக்கவிடாதீர்கள். அடிக்கடி எடுத்துப் பாருங்கள், அதிகமானால் ஆண் உறுப்பின் பக்க மடலான சர்ஸ்டைலசின் மெல்லிய ஓரம் கண்ணாடிபோல் ஆகிக் கோடே தெரியாது. பிறகு நீர், சில சொட்டு நீர்த்த அசிட்டிக் அமிலம், கிளிசரின். வரைவது கிளிசரின் குழியில், மூடுகண்ணாடி இல்லாமல். கண்ணாடி அழுத்தினால் சர்ஸ்டைலஸ் விரிந்து, பழைய சிற்றினமே புதிதாகத் தோன்றும். வரைந்தபின் அந்த உறுப்பு கிளிசரின் நுண்குப்பியில் அதே ஊசியில் இருக்கவேண்டும், வேறு பெட்டியில் அல்ல.

அல்சூரிலிருந்து:

புதிய சிற்றினப் பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி ஹோலோடைப்புக்குப் ‘பெயர்தாங்கி மாதிரி’, அதனுடன் குறிக்கும் மற்ற மாதிரிகளான பாராடைப்புக்குத் ‘துணை மாதிரி’ என்று போட்டிருக்கிறேன். பெயரைத் தாங்குவது முதலாவது மட்டுமே என்பது சொல்லிலேயே இருக்கிறது. அது எந்த நிறுவனச் சேகரிப்பில் இருக்கிறது என்று கட்டுரையிலேயே எழுதவேண்டும், இல்லாவிட்டால் விலங்குப் பெயரிடல் விதிப்படி பெயர் நிற்காது. இணைய இதழ் மட்டும் என்றால் விலங்குப் பெயர்ப் பதிவேடான சூபேங்கின் பதிவு எண்ணும் வேண்டும். இந்தியாவில் 2002 உயிரியல் பன்மயச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, புதிய உயிரினத்தை அறிவித்துச் சான்று மாதிரியைக் குறித்த காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. சிற்றினப் பெயரில் ‘ஏரி’, ‘பாசி’ என்ற தமிழ்ச் சொல்லை வைக்கத் தடையில்லை, எழுத்து மட்டும் லத்தீன் எழுத்து.

மல்லேசுவரத்திலிருந்து:

இடைமெலிவு, கடைமெலிவு, நுண்பொடி, பெயர்தாங்கி மாதிரி நான்கையும் சொற்பட்டியலில் ஏற்றிவிட்டேன். மலப்புற அறை என்பது காதுக்கு உறுத்துகிறது, ‘பின்னடி அறை’ என்று மாற்றியிருக்கிறேன். சர்ஸ்டைலசுக்குப் ‘பக்கக் கவ்வி’ என்று ஒரு பரிந்துரை தனி மடலில் வந்தது. எல்லாப் பேரினத்திலும் அது கவ்வி வடிவில் இல்லை, சிலவற்றில் ஆண் உறுப்பின் மேல்தகடான எபாண்ட்ரியத்தோடு ஒட்டியே போய்விடுகிறது. ஒட்டிய வடிவத்துக்கும் பொருந்தும் சொல் கிடைத்தால் புதிய இழையில் எழுதுங்கள், கிளிசரினில் வரைந்த படத்தோடு.